அருளப்பு அண்ணனின் பித்தளைத் தகடு

தங்கையின் கலியாணத்தன்று காலை, அம்மாவின் கண்ணுக்குக் கூசும் வெளிச்சம் ஆகாது என்று வாசலில் சொன்னோம். அருளப்பு அண்ணன் கமராவின் பிளாஷை எடுக்கவேயில்லை, சைக்கிளிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அது இல்லாமல் இருட்டறையில் படமெடுப்பது எவ்வளவு கரைச்சல் என்று எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தாண்டவன்வெளிப் பக்கம் கலியாணம், கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மை எதற்கும் அவர்தான் படக்காரர். கட்டை ஆள். தோளில் மூன்றுகால் ஸ்டான்ட். கமராவின் அடியில் எப்போதும் ஒரு பித்தளைத் தகடு இருக்கும், வாகனம் திருத்தும் கராச்சில் வேலை செய்யும் மஜீட் அராவிக் கொடுத்தது. ஸ்டான்டின் தலையிலுள்ள காடிக்குள் அதைத் தள்ளிப் பக்கத்து ஆணியை மடக்கினால் கமரா நின்றுவிடும். நிமிர்த்தினால் கைக்கு வந்துவிடும். திருகிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

ஒருமுறை மண்முனைத் துறையில் ஆணியை மடக்க மறந்து, பழைய கமரா வாவிக்குள் போனது. அன்றிலிருந்து பூட்டியதும் ஒருதரம் இழுத்துப் பார்த்து, கமராவிடம் "இரிக்கயா?" என்று கேட்பார்.

"என்னப் பாத்து ஒருநாளும் இப்பிடிக் கேட்டதில்ல இந்த மனிசன்" என்று அவர் மனைவி மார்கிறட் அக்கா சிரிப்பார்.

என் தங்கை றீற்றாவின் கலியாணத்தில் அம்மா படுக்கையாய்க் கிடந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். தூக்கி உட்காரவைத்தால் கொஞ்சத்தில் மூச்சு முட்டும். மணமக்கள் கோயிலால் வந்து முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கும்போது அம்மாவோடு ஒரு படம். றீற்றா கேட்டது அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை.

வாசலில் அவர்களுக்கு ஆலாத்தி எடுப்பதைக் கமராவைக் கையில் பிடித்தே எடுக்கவேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு, ஸ்டான்ட் இல்லாமல் முடியாது. ஆகவேதான் காலையிலேயே வந்திருந்தார். அம்மாவின் பக்கத்தில் என்னை இருத்திப் பார்த்து அளவு சரிசெய்தார். கமராவை மட்டும் கழற்றிக்கொண்டு, ஸ்டான்டை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக் கோயிலுக்குப் போனார்.

ஆலாத்தி முடிந்தது. நாங்கள் அம்மாவைத் தூக்கி இருத்தவும் கமரா ஸ்டான்டில் போய் இருக்கவும் சரியாக இருந்தது. இழுத்துப் பார்த்தார், அன்றைக்கு அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை.

"அம்மா, மூச்சப் பிடிச்சிட்டு என்னப் பாருங்க."

ஒரே ஒரு படம். பிறகு அம்மாவைச் சாய்த்துவிட்டோம்.

அந்தக் கிழமையே ஆண்டவர் அம்மாவை எடுத்துக்கொண்டார். படத்தில் றீற்றாவின் முகம் அழுகையில் அசைந்து கலங்கியிருக்கிறது. அம்மாவின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. இரவுச் செபத்தில் அருளப்பு அண்ணன் பேரையும் சொல்லாமல் நான் எழும்புவதில்லை.

போன மாசம் அவர் மகளோடு இருக்கத் திருகோணமலைக்குப் போனார். பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். அந்தப் படத்துக்கு நன்றி சொல்லத் தொடங்கியதும், படியில் ஏறியவர் திரும்பினார்.

"நான் என்ன புள்ள, கமராவக் கொண்டுவந்து மாட்டினன், அவ்வளவுதான். அந்த நடுக்கத்தோட அசையாம இருந்தது உங்கட அம்மா."