அப்பா சுடாத பாண்

லண்டனுக்கு வேண்டிய பாண் முழுவதையும் என் அப்பாதான் சுடுகிறார் என்று எட்டு வயதுவரை நம்பியிருந்தேன். பாண் ஃபாக்டரியிலிருந்து அவர் ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குக் கொண்டுவரும் கோணல் பாண்களே அதற்குச் சாட்சி. நல்லதை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் பிழையாய்ப்போனதை எங்களுக்குக் கொண்டுவருகிறார் என்று பெருமையோடு சம்பல் தொட்டுத் தின்றேன்.

வகுப்பில் அந்தக் காலத்தில் சாப்பாடு எப்படிச் செய்தார்கள், இந்தக் காலத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பாடம் வந்தது. ஆசிரியை கிரீமைப் போத்தலில் ஊற்றி, எங்களைக் கை வலிக்கக் குலுக்கவைத்து வெண்ணெய் எடுத்தார். அடுத்த கிழமை பாண் என்றார். என் அப்பாவே வந்து செய்து காட்டுவார் என்று நான் எழுந்து சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்பா கொஞ்சம் யோசித்து, வருவதாகச் சொன்னார். அம்மா சிரித்தார்.

"தேத்தண்ணி ஊத்தத் தெரியாதவர் பாண் சுடப் போறாராம்."

வழக்கமான கேலி என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று ஆசிரியை அந்தக் காலத்து முறைப்படி மாவைக் கையால் குழைத்துக் காட்டிவிட்டு, அப்பாவிடம் நீட்டினார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தான் மாவைத் தொட்டதே இல்லை, பெல்ட்டில் வரும் பாண்களில் கோணலானவற்றைப் பொறுக்குவதுதான் தன் வேலை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்பா கரும்பலகையைப் பார்த்தார். ஒரு வெண்கட்டி கேட்டு வாங்கியவர், அதை இரண்டாக முறித்தார். போச்சு, ஆசிரியையின் வெண்கட்டியையும் உடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ அடிமட்டம் இல்லாமலே நேர்கோடு இழுத்து, மா குழைக்கும் தொட்டி, பொங்கவைக்கும் சூட்டறை, பாண் ஊர்ந்துபோகும் நீள அடுப்பு, வெட்டும் கத்திகள் என்று ஃபாக்டரி முழுவதையும் வரைந்தார். இவ்வளவும் மாறியும் மாறாமலிருப்பது எது என்று கேட்டு, சிரித்தவனையே எழுப்பினார். அவன் தடுமாறி, ஈஸ்ட் என்றான். அப்பா தலையசைத்தார். அதன்பிறகு எல்லாக் கைகளும் மேலேதான். மணியடித்தும் யாரும் எழவில்லை. போகுமுன் பலகையை அவரே துடைத்தார்.

வீட்டில் அம்மா அவருடைய விரல்களைப் பார்த்தார்.

"என்ன, கையெல்லாம் மா?"

"மா இல்லையப்பா. வெண்கட்டி."

கேத்திலில் தண்ணீர் பிடிக்கப் போன அம்மா, அது நிரம்பி வழிந்தும் குழாயை மூடாமல் நின்றார். பாண் சுட்டுக் காட்டாததில் அவருக்குக் கோபம் என்று நினைத்து, அப்பா அடுத்தமுறை சரியாகச் செய்வார் என்று சமாதானம் சொன்னேன். அப்பா சாப்பிடும்வரை கை கழுவவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் கணக்கு வாத்தியாராக இருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது அந்தக் காலம், பாண் இந்தக் காலம் என்று பாடத்தில் படித்தபடியே பிரித்து வைத்திருந்தேன். புது வெண்கட்டி பலகையில் கிறீச்சிடாமலிருக்க வாத்திமார் முதலில் அதை முறித்துக்கொள்வார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.