காய்ச்சல் விட்ட காலை

எல்கடுவைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காய்ச்சல் விட்ட பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால்தான் நோய் முடிந்ததாக அர்த்தம். மஞ்சள் கலந்த வெந்நீரை ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, ரசச்சோறு ஊட்டுவார்கள். அதற்குப் பிறகே தாய் கொழுந்து பறிக்கப் போவாள்.

அன்று காலை அக்காவின் நாலு வயது மகளுக்குச் சூடு இறங்கியிருந்தது. அக்கா நிம்மதியாக அடுப்பில் தண்ணீர் வைத்தாள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. முந்தைய நாள் மாத்தளையில் இரத்தம் சோதித்த மருத்துவர், இது டெங்குவாக இருக்கலாம், காய்ச்சல் விடும் வேளையில்தான் ஆபத்து அதிகம் என்று சிங்களத்தில் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுவது, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பிள்ளை விடிந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கால்கள் குளிர்ந்திருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படலாம் என்றேன். அக்கா சிரித்தாள்.

"காய்ச்சலோட போனப்பவே மருந்தக் குடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப காய்ச்சல் இல்லாத புள்ளயத் தூக்கிட்டுப் போயி என்னன்னு சொல்றது தம்பி? படிச்சுப் படிச்சு ஒனக்குப் பயந்தான் மிச்சம்."

வயிறு வலிப்பது பட்டினியால், கால் சில்லிட்டது பனியால் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அத்தானும், அக்கா சொல்வதையே கேட்கும்படி தொலைபேசியில் சொன்னார். பெற்றவள் மறுக்கும்போது பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓட எனக்கு என்ன உரிமை? அப்படி ஓடினாலும், தாயில்லாத வார்டில் அவள் யாரைப் பிடித்துக்கொள்வாள்? ஆட்டோவை மட்டும் வரச்சொல்லிவிட்டு வாசலில் நின்றேன்.

தலைக்கு ஊற்றினால் லயத்து வரிசை வீடுகளே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிற பிள்ளை அவள். முதல் செம்புத் தண்ணீர் விழுந்தபோது சத்தமே எழவில்லை. கண்களை மூடியபடி அக்காவின் முழங்காலில் சாய்ந்தாள். அடுத்த செம்பைத் தூக்கிய அக்காவின் கை அப்படியே நின்றது.

"தம்பி, இவ அழுவலயே."

ஈரத்தோடு துவாயில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். வளைவுக்கு வளைவு அக்கா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். தாய் மட்டும் இருக்கலாம், ஆண்கள் வெளியே என்றார்கள். சிங்களம் தெரிந்த நான் கம்பிக் கதவுக்கு வெளியே. பாதி மட்டுமே புரிகிற அக்கா, நனைந்த பாவாடையோடு உள்ளே.

வெகுநேரம் கழித்துக் கதவருகே வந்தாள். குடிப்பதையும் சிறுநீர் போவதையும் அளந்து சொல்ல வேண்டும் என்று தாதி கையால் காட்டினாராம்.

"போனாளா?" என்றேன்.

"கொஞ்சந்தான்."

அந்தக் கொஞ்சம் போதுமா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் உள்ளே வேலையாக இருந்தார்கள். அப்போது வார்டுக்குள் ஏதோ ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. அது எங்கள் பிள்ளையாக இருக்கட்டும் என்று மனம் வேண்டியது. அக்கா காது கொடுத்துக் கேட்டாள்.

"நம்ம புள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். கதவு மறுபடியும் என் முன்னால் மூடிக்கொண்டது.