‘வாசகர் கிடையாது’ என்றவருக்கு

இரங்கல் கூட்டத்தில் பதிப்பாளர்தான் கடைசியாகப் பேசினார். "நல்ல மனுஷன். நல்லாத்தான் எழுதினார். ஆனா உண்மையச் சொல்லணும்னா, அவருக்கு வாசகர் கிடையாது." மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளரின் மனைவிக்கு, சொன்ன சொல்லைவிட அந்தப் பிஸ்கட் கடிபட்ட சத்தம்தான் அதிகம் சுட்டது. அழுகை அப்படியே நின்றுபோனது. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துகொண்டாள்.

அவளுக்குச் செருப்புக்கடையில் வேலை. பகலெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் காலடியில் குந்தி, வாரை மாட்டிவிட்டு, "நடந்து பாருங்க" என்று சொல்ல வேண்டும். கணவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் கதை எழுத உட்கார்ந்துவிடுவார். எழுதியதைப் படித்துக் காட்டும்போது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இந்தப் பொம்பள இப்படிப் பேச மாட்டா" என்பாள். அவர் முறைப்பார். பிறகு ஓசைப்படாமல் திருத்திவிடுவார்.

கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் நாத்தனார், இறந்த அண்ணன் பெயரில் ஓர் இணையதளம் அமைக்க அண்ணிக்குக் கற்றுக்கொடுத்தாள். மற்றதெல்லாம் அண்ணியின் விருப்பப்படியே நடந்தது. கறுப்புப் பின்னணியில் பெரிய படம். அதன் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. பக்கத்தைத் திறந்ததும் வயலின் இசை.

"அண்ணி, கதையெல்லாம் எங்க?"

"கீழ போனா இருக்கும்."

"எவன் போவான்? திறந்ததும் வயலின் அழுவுது. இது வெப்சைட் இல்ல அண்ணி, எழவு வீடு. வர்றவன் துக்கம் விசாரிச்சுட்டு வாசலோட திரும்பிடுவான்."

அப்படித்தான் நடந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதினார்கள், போய்விட்டார்கள்.

அடுத்த முறை வயலினைத் தூக்கினாள். பதிப்பாளர் மேடையில் சொன்ன வாக்கியத்தை அவர் பெயரோடு சிவப்பில், கொட்டை எழுத்தில் உச்சியில் போட்டாள். அச்சுப் பிழைகளோடு புத்தகம் போட்டது, மதிப்புரைக்கு ஒரு பிரதிகூட அனுப்பாதது என்று அவர் செய்த கொடுமைகளை எல்லாம் அதன் கீழே எழுதினாள். பக்கம் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. 'கிழிச்சுத் தொங்கவிட்டீங்கம்மா', 'எனக்கும் இதே கதிதான்' என்று மின்னஞ்சல்கள் குவிந்தன. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. "என்னம்மா, இன்னிக்கு மூஞ்சியில ஒரு வெளிச்சம்?" என்று கடை முதலாளியே கேட்டுவிட்டார்.

விடுமுறைக்கு வந்த நாத்தனார், யார் யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று திறந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"கூட்டம் வந்திருக்கு அண்ணி. எல்லாம் சண்டைய வேடிக்க பாக்க வந்த கூட்டம். கதைய ஒருத்தரும் தொடல."

"ஒருத்தர்கூடவா?"

"நீங்க தொட்டிருக்கீங்க. நான் தொட்டிருக்கேன்."

"அதுக்கு? அந்த ஆள விட்டுடச் சொல்றியா?"

"விடச் சொல்லல. அந்த ஆள் சொன்னத நீங்களே நிரூபிச்சுக் குடுக்காதீங்கன்னு சொல்றேன்."

அதன் பிறகு நாத்தனாரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்னது நியாயம் என்பதால்தான் அத்தனை கோபம்.

ஒருநாள் கடையின் கண்ணாடிப் பெட்டியில் புதுச் சரக்கை அடுக்கினாள். எப்போதும் ஒற்றைக் கால் செருப்பைத்தான் வெளியே வைப்பார்கள். பிடித்தவர் மறு காலைக் கேட்டு உள்ளே வந்தாக வேண்டும். அடுக்கிக்கொண்டிருந்தவள் கையில் செருப்போடு அப்படியே நின்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும், பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பு எழுத்தை அழித்தாள், கீழே இருந்த கதைகளையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் கணவரின் கதை ஒன்றில் பாதியை மட்டும் போட்டாள். பழுதாகி நின்ற லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கை, உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அவனது சிறுவயதுச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவன் கம்பியால் கதவை நெம்புகிறான். அங்கே நிறுத்திவிட்டாள். மீதி வேண்டுபவர்கள் மின்னஞ்சல் முகவரி தர ஒரு பெட்டி வைத்தாள்.

முதலில் எழுதியவர் ஒரு நர்ஸ். 'டூட்டிக்கு நேரமாச்சு. உள்ள இருக்கறது யாருங்க? சீக்கிரம் அனுப்புங்க.' அனுப்பினாள். மறுநாள் அவரிடமிருந்து மறுபடியும் ஒன்று வந்தது: 'பஸ்லயே அழுதுட்டேன். பக்கத்துல இருந்தவங்க தண்ணி குடுத்தாங்க.' அதைப் படித்தபோதுதான், இரங்கல் கூட்டத்தில் நின்றுபோன அழுகை அவளுக்குத் திரும்ப வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மின்னஞ்சலை ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் பதிப்பாளருக்குத் தட்டிவிட்டாள்.

பிறகு ஒரு தையற்காரர் எழுதினார். ஒரு மருந்துக்கடைக்காரர் தன் தம்பிக்கும் சேர்த்துக் கேட்டார். வந்ததெல்லாம் அப்படியே பதிப்பாளருக்குப் போனது. ஒருநாள் அவரே போன் செய்தார்.

"ஏம்மா, தினம் இப்படி அனுப்பினா நான் எப்படி வேல பாக்கறது?"

"உங்களுக்குத் தெரியணும்ல சார்."

"தெரிஞ்சுடுச்சும்மா, போதும்." இருமினார். "அது கெடக்கட்டும். அந்த லிஃப்ட் கதை... மீதிய எனக்கும் அனுப்பறீங்களா?"

"நீங்க போட்ட புத்தகத்துல இருக்கற கதைதானே சார் அது?"

"அப்பப் படிக்க நேரமில்லம்மா."

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. மனசு லேசாக இளகக்கூடச் செய்தது. கதையை எடுத்து அவர் முகவரியைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்க கிடங்குலயே கட்டுக்கட்டா இருக்குமே, ஒண்ணப் பிரிச்சுப் பாத்திருக்கலாமே சார்?"

"அதெல்லாம் அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே எடைக்குப் போட்டாச்சும்மா. சும்மா இடத்த அடைச்சுட்டு இருந்துச்சு."

அனுப்பும் பொத்தானை அழுத்தப் போன கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"சைட்ல ஒரு பெட்டி இருக்கு சார். எல்லாரையும் மாதிரி அதுல முகவரிய போடுங்க."

போட்டார். அன்று கேட்டிருந்த அத்தனை பேருக்கும் மீதிக் கதை போனது, அவர் ஒருவரைத் தவிர. சில நாள் கழித்து, 'இன்னும் வரவில்லையே, ஞாபகப்படுத்துகிறேன்' என்று எழுதியிருந்தார். அவள் அதை நிதானமாக இரண்டு முறை படித்தாள். பதில் போடவில்லை. உள்ளே இருந்தது யாரென்று தெரியாமலே கிடக்கட்டும் அந்த ஆள்.