ஆமென் வரும்வரை அசையக் கூடாது

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. பாளையங்கோட்டையில் இது ஒன்றும் அதிசயமில்லை. என் மாமனார் ஜெபம் பண்ணுகிற விதம்தான் அதிசயம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். கண்ணை மூடினால் உலகத்தைச் சுற்றி வந்துதான் திறப்பார். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு நோயாளி, பாபநாசத்து அணைக்கு வர வேண்டிய தண்ணீர், எல்லையில் நிற்கும் சிப்பாய்கள், ஆளுகிறவர்கள், இனி ஆளப் போகிறவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். அவர் ஆமென் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. போன் அடித்தாலும் சரி, வாசலில் ஆள் நின்று கூப்பிட்டாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

பால் அடிக்கடி பொங்கும். அடுப்படியிலிருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அத்தை, அதாவது என் மாமியார், ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். முழங்காலில் நின்றபடி இரண்டு பேரும் தீய்ந்த வாசனையை முகர்ந்துகொண்டிருப்போம்.

நான் மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூருக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று செய்கிறோம். அதில் முகம் பார்த்துப் பேசலாம், பேசுவதைப் பதிந்தும் வைக்கலாம். பதிவு வேறு யார் கையில் சிக்கினாலும் திறக்க முடியாதபடி, பெட்டி அதை மறையாக்கம் செய்து பூட்டித்தான் சேமிக்கும். பூட்டுகிற அந்த நிரல் என் பொறுப்பு. அதைப் பறக்க வைத்தவள் நான்தான். வேகத்தைப் பற்றிக் குழுவில் எல்லாரும் பேசினார்கள். நானும் பேசினேன், கொஞ்சம் கூடுதலாகவே.

அந்தச் சமயத்தில்தான் கனடாவில் என் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு முதல் பேத்தி. அத்தை, மாமா இரண்டு பேருக்குமே விசா கிடைக்கவில்லை. "ஞானஸ்நானத்தன்னைக்கு அங்கன இருந்தே ஒரு தாலாட்டுப் பாடும்மா, சபையில திரை போட்டுக் காட்டுதோம்" என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. தொண்டைக்கு மிளகு, வெந்நீர் என்று ஒரே ஏற்பாடு. மருமகள் செய்த பெட்டியில் பாடப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

ஒத்திகை பார்த்தோம். அத்தை பாடப் பாட, திரையில் நாத்தனாரின் முகம் கோணிக்கொண்டே போனது.

"டப்பு டப்புன்னு வெட்டுதும்மா. பாட்டே விளங்கல."

அத்தை சட்டென்று நிறுத்திவிட்டார். "என் தொண்டைதான் போச்சு போல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

"பதிவ அணைச்சிட்டுப் பாடச் சொல்லேன்" என்றார் என் கணவர்.

"பதிஞ்சாத்தானல பிறவு போட்டுக் கேக்க முடியும்" என்றார் அத்தை.

என் பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஆகாது என்று என் வீட்டிலேயே ஒருவர் சொல்வதா? நான் பார்த்த பார்வையில் கணவர் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போய்விட்டார்.

மாடிக்குப் போய்த் தோண்டினேன். பெட்டிக்குள் இருப்பது மலிவான ஒற்றைப் பிராசசர். குரலை அனுப்புவது, பதிவைப் பூட்டுவது எல்லாம் அதன் தலையில்தான். யார் எப்போது ஓடலாம் என்று முறை வைத்துக் கொடுப்பது பெட்டியை அடியிலிருந்து நடத்தும் மென்பொருளான கெர்னலில் இருக்கும் ஷெட்யூலர். என் நிரல் வேகத்துக்காகப் பிராசசர் கணக்குப் போடும் இடங்களான பெரிய ரெஜிஸ்டர்களைப் பிடித்துக்கொள்கிறது. அது பிடித்திருக்கும்வரை ஷெட்யூலர் குறுக்கே வரக் கூடாது என்று நானே தடை போட்டிருந்தேன். போதாததற்குப் பதிவைப் பெரிய பெரிய துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே பிடியில் முடிக்கும்படி எழுதியிருந்தேன். அது முடிவதற்குள் குரலின் முறை வந்து போய்விடுகிறது. அங்கேதான் அந்த 'டப்பு'.

கீழே ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமா அணையைத் தாண்டி எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அடுப்படியில் 'ஸ்ஸ்' கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மாமனாரையல்லவா நான் கெர்னலுக்குள் எழுதி வைத்திருக்கிறேன்!

மறுநாள் துண்டுகளைப் பொடிப்பொடியாக்கினேன். ஒவ்வொரு பொடிக்கும் பிறகு ரெஜிஸ்டர்களை விட்டுவிட்டு, மற்ற வேலைக்கு வழிவிட வேண்டும். குரல் கண்ணாடி மாதிரி வந்தது. பதிவுதான் பின்தங்கிப் பின்தங்கிப் பாதிப் பாட்டில் நின்றது. ரெஜிஸ்டர்களில் இருப்பதை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்து, திரும்பப் போடுகிற நேரமே வேலையைத் தின்றுவிட்டது. கோபத்தில் மடிக்கணினியை மூடினேன்.

அன்றைக்கென்று பார்த்து அத்தையும் மாமாவிடம் வாயைத் திறந்தார். "நடுவுல ஒரு ஆமென் போட்டா என்ன? நான் பைய அடுப்பப் பாத்துட்டு வந்திருவேன்லா."

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆமென் போட்டார். ஒவ்வொரு ஆமெனுக்குப் பிறகும் வானம், பூமி, சமுத்திரம் படைத்தவரே என்று முதலிலிருந்து தொடங்கினார். பால் பொங்கவில்லை. சோறு ஆறிப் போய், எங்களுக்குப் பசியில் கண் இருட்டியது.

"ஏட்டி, இதுக்குப் பால் பொங்குனதே தேவலல்லா" என்று அத்தை என் காதைக் கடித்தார்.

கெர்னல்காரர்கள் இந்த மாதிரி இடத்தில் ஒரு துண்டுக்கு வழக்கமாக வைக்கிற அளவு நாலு கிலோபைட். ஊரார் அளவு எனக்கெதற்கு என்று வீம்பு பிடித்தவள், சுற்றி வளைத்துக் கடைசியில் அங்கேயே போய் நின்றேன். பீற்றிக்கொண்ட வேகத்தில் கொஞ்சம் போயிற்று. அதைக் குழுவில் சொல்லும்போது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமாவும் இறங்கி வந்தார். வீடு, ஊர், உலகம் என்று மூன்று பாகம், நடுவில் ஆமென். உலகத்தை இன்னும் பிரிக்க முடியாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே காலை ஆராதனை, இங்கே விளக்கு வைத்து நேரமாகிவிட்டது. அத்தை பட்டுப்புடவையில் பெட்டியின் முன் உட்கார்ந்து பாடினார். வெட்டு எங்கே விழும் என்றே நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வெட்டுகூட விழவில்லை. பதிவும் கூடவே ஓடியது. நாத்தனார் கண்ணைத் துடைப்பதைப் பார்த்த பிறகுதான் பாட்டு என் காதில் ஏறியது. அத்தை அவ்வளவு அழகாகப் பாடுவார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் அங்கிருந்த போதகர், குழந்தையின் தாத்தா ஜெபிக்கட்டும் என்றார். எங்களுக்குப் பகீரென்றது. அத்தை பட்டுப்புடவையோடு ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கனடாச் சபையின் மதியச் சாப்பாட்டை நினைத்து நான் முழங்காலைச் சரியாக ஊன்றிக்கொண்டேன்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைய ஆசீர்வதியும். ஆமென்."

அவ்வளவுதான். யாரும் அசையவில்லை. வழக்கம் போல எங்கள் கண்ணெல்லாம் மூடியே இருந்தது. நான் மெல்லத் திறந்து பார்த்தேன். மாமா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார். கண்ணாடியில் நீர் படிந்திருந்தது. திரையில் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்க?"

"கண்ண மூடிட்டே இருந்தா பிள்ளைய எப்பம்மா பாக்கது?" என்றார், என் பக்கம் திரும்பாமலே.