கலங்கல் வாய்க்காலும் எங்கள் வாலிபர் சங்கமும்

வாய்க்கால் மேல் கிடந்த பனைமரத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனவரே, உங்களைத்தான் சொல்கிறேன். இந்தச் சபைப் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டி வேறு எதையாவது படிக்கலாம் என்று பார்க்காதீர்கள். உங்கள் பெயரை எழுத மாட்டேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். இல்லையென்றால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன், தகப்பன் பெயரோடு சேர்த்து.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் மாட்டுத் தரகன். வாயைத் திறந்து பல் பார்ப்பது, சுழி பார்ப்பது, விற்கிறவனும் வாங்குகிறவனும் அடித்துக்கொள்ளாமல் பார்ப்பது, இதுதான் என் தொழில். பள்ளிக்கூடம் போனதில்லை. அடுத்தவர் மாட்டை மேய்த்து, அவர் கையால் உதை வாங்கிக் கற்றுக்கொண்டது எல்லாம். எழுத்துக்கூட்டப் படித்ததே மீசை முளைத்த பிறகுதான். உத்திரமேரூர்ப் பக்கம் சந்தை கூடினால் என் சத்தம் கேட்காமல் கலையாது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் எங்கள் போதகர் ஐயா சபையின் வாலிபர் சங்கத்தை என் தலையில் கட்டினார். "மாட்டையே வழிக்குக் கொண்டு வருகிறவர், பிள்ளைகள் எம்மாத்திரம்" என்றார். நானும் நம்பினேன்.

உங்கள் சபையிலும் இப்படி ஒரு சங்கத்தை இழுத்துக்கொண்டு திரியும் பாவப்பட்ட அண்ணன்மார் இருப்பீர்கள். உங்களுக்கு இது புரியும்.

சோப்புப் பெட்டி

சங்கத்தை எடுத்ததும் நான் வைத்தது பேச்சுப் போட்டி. தலைப்பு, பிறரிடத்தில் அன்பு. பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. சாமுவேல் என்று ஒரு பையன், பதினேழு வயசு, ஏர் ஓட்டுகிறவன். அன்றைக்கு அவன் பேசின பேச்சில் முன்வரிசைக் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெட்டியை அவன் கையில் கொடுக்கும்போது எஸ்தர் உள்ளே வந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். போட்டிக்குப் பெயர் கொடுத்தவள். இடுப்பு வரைக்கும் பாவாடை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஊர் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆலயமும் பஸ் ரோடும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். சபைக் குடும்பங்களில் பாதி அந்தப் பக்கம். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிகிற தண்ணீர் இந்த வாய்க்காலில்தான் போகும். கோடையில் கணுக்கால், ஐப்பசியில் இடுப்பு, கலங்கல் வழிந்தால் ஆள் முழுகும். எஸ்தரின் அக்கா ஜெயமணி ஐந்தாவதோடு நின்றதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். இப்போது அவளுக்குப் பதினாறு, நடவுக்கும் களைக்கும் போகிறாள். அப்பன் யாக்கோபு, "இந்த மழைக்கு இவளும் நின்னான்னா, அதோட சரி, அக்கா கூட நடவுக்குப் போவட்டும்" என்று சொல்லி வைத்திருந்தான்.

நான் எஸ்தரைப் பார்த்து, "நேரத்துக்கு வரத் தெரியாதா? போட்டி முடிஞ்சிடுச்சி, போய் உட்காரு" என்று ஒரு அதட்டுப் போட்டேன். ஜெயமணி எழுந்து வந்து தங்கச்சியின் பாவாடையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"அன்பைப் பத்திப் பேசினவனுக்கு சோப்புப் பொட்டி குடுத்தீங்க மாமா, சரி. இவளைக் கையைப் புடிச்சி அக்கரையிலேர்ந்து இட்டாற இங்க ஒருத்தனும் எழுந்துக்கலியே, அதுக்கு இன்னா குடுக்கப் போறீங்க?"

கண்ணை மூடிக்கொண்டு செய்த வியாபாரம்

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக நின்று, கைகோத்து, வாய்க்காலுக்கு ஒரு வழி பிறக்க ஜெபம் செய்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செய்தார்கள். எனக்கு நீளமான ஜெபம் ஆகாது.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டைப் போட்டுக் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வோம். எந்த விரலை எப்படி அமுக்கினால் எவ்வளவு என்பது எங்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு என் வலது கையைப் பிடித்திருந்தவர் செங்கல்பட்டுப் பக்கத்து மாட்டு வியாபாரி. நம் மார்க்கத்துக்காரர். ஒரு மயிலைக்காளை விஷயமாக என்னைப் பார்க்க வந்தவரை நான்தான் வட்டத்தில் இழுத்து நிறுத்தியிருந்தேன். ஜெபம் நீள நீள, பழக்க தோஷத்தில் என் விரல்கள் அவர் விரல்களைப் பிசைந்திருக்கின்றன. அவரும் பதிலுக்கு அமுக்கியிருக்கிறார். அவர் ஏதோ ஆவியில் உணர்த்தப்பட்டு அமுக்குகிறார் என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஆமென் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டு, "சரி அண்ணாத்தே, ரொம்ப நெருக்கற. நீ கேட்ட விலைக்கே மயிலைய ஓட்டிக்கினு போ" என்றார். போதகர் ஐயா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். சிரிப்பு அடங்கினதும் சாமுவேல் சொன்னதுதான் எனக்கு உறைத்தது:

"மாமா ஜெபத்துலயே ஒரு மாட்டை முடிச்சிட்டாரு. நம்ம இன்னான்னா வழி குடு வழி குடுன்னு கேட்டுக்கினே நிக்கறோம். ஊர்ல யார்கிட்டயாச்சும் போய் ஒரு மரம் கேட்டமா?"

மரம் கேட்கப் போன கதை

மரம் இருந்தது. போன புயலில் சாய்ந்த பனை ஒன்று ரெட்டியார் வயல் ஓரத்தில் கிடந்தது. ரெட்டியார் நிலபுலன் உள்ளவர். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அவர் வயலில்தான் வேலை. சாமுவேலையும் ஜெயமணியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பாடம் சொன்னேன். "பேரம் நான் பேசறேன். நீங்க வாயே திறக்கக் கூடாது. பொருளை மட்டம் தட்டினாத்தான் வழிக்கு வருவாங்க, தெரிஞ்சிதா?" இரண்டும் தலையை ஆட்டின.

களத்துமேட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஆரம்பித்தேன். "அந்தப் பனைய இன்னாத்துக்கு ரெட்டியாரே வச்சிக்கினு கீறீங்க? உள்ள பூரா பூச்சி. அடுப்புக்குக் கூட ஆவாது. வரப்பை வேற அடைச்சிக்கினு கெடக்குது. சொல்லுங்க, பசங்களை வுட்டு அப்புறப்படுத்தித் தரேன், உங்களுக்கு ஒரு உபகாரமாப் போவட்டும்." ரெட்டியார் தாடையைச் சொறிந்தார். சந்தையில் ஆள் தாடையைச் சொறிந்தால் பாதி முடிந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து ஜெயமணி, "இல்லீங்க ஐயா" என்றாள். "நல்லா வைரம் பாஞ்ச மரம். பூச்சி இல்லை. நேத்து நாங்க தட்டிப் பாத்தோம். அதனாலதான் கேக்க வந்தோம்."

எனக்குப் பூமி பிளக்கக் கூடாதா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னை வாயத் தொறக்காதன்னேனே" என்றேன். "பொய் சொல்லி வாங்கின மரத்து மேல எஸ்தரு எப்பிடி மாமா நடப்பா?" என்று அவரை வைத்துக்கொண்டே கேட்டாள். ரெட்டியார் எஸ்தர் யார், எங்கே நடக்கப் போகிறாள் என்று விசாரித்தார். ஜெயமணி வாய்க்காலையும் பள்ளிக்கூடத்தையும் அப்பன் சொன்னதையும் சொன்னாள். தான் நின்றுபோனதைச் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"தரகரே, நீ சொன்ன மரம் அடுப்புக்குக் கூட ஆவாது, அதைக் குடுத்தா எனக்குத்தான் அசிங்கம். இந்தப் பொண்ணு சொன்ன மரத்தை எடுத்துக்கினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை மாடு

எங்கள் பிள்ளைகள் எல்லாம் கூலிவேலைக்காரர்கள். ஆறு நாளும் யார் வயலிலாவது குனிந்து நிற்கிறவர்கள். அவர்களுக்கென்று இருப்பது ஞாயிறு ஒன்றுதான். ஆராதனை முடிந்ததும் மரத்தைக் கயிறு கட்டி இழுத்துவந்து, ஆலயத்துக்குப் பின்னால் போட்டு, சாமுவேல் ஆப்பு அடித்து இரண்டாகப் பிளந்தான்.

அப்போது நீங்கள் வந்தீர்கள் பாதி மரத்து ஐயா, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை வேட்டி, கையில் குடை. "பரிசுத்த நாள்ல கோடாலிச் சத்தமா? வாலிபர் சங்கம் நல்லா விளங்கும்" என்றீர்கள். சாமுவேல் வியர்வையை வழித்துப் போட்டுவிட்டு, வேதத்தில் ஆண்டவர் கேட்டதையே மரியாதையாகத்தான் கேட்டான்: "ஓய்வு நாள்ல மாடு குழியில வுழுந்தா தூக்கலாங்களா, கூடாதுங்களா?" நீங்கள், "மாடு வேற, மரம் வேற" என்றீர்கள். மாடு என்றதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "எந்த மாடா இருந்தாலும் உடனே தூக்கிடணும். ராவெல்லாம் கெடந்தா தொடைச்சதை செத்துப்பூடும், அப்புறம் விலை போவாது" என்றேன். பிள்ளைகள், "மாமா, நீங்க வேற" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டுப் போதகர் ஐயா வந்தார். அங்கியைக் கூடக் கழற்றவில்லை. அவர் என்ன தீர்ப்புச் சொல்லப் போகிறாரோ என்று எல்லோரும் நின்றோம். அவர் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சாமுவேலிடம் கையை நீட்டினார்:

"ஆசீர்வாதம் சொல்லிட்டேன், ஆனா ஆராதனை இன்னும் முடியலைன்னு இப்பத்தான் தெரியுது. அந்தக் கயித்து முனையை இப்பிடிக் குடு நைனா."

கொட்டகை

இரண்டு பாதியையும் தட்டைப்பக்கம் மேலே வைத்து வாய்க்கால் மேல் போட்டோம். எஸ்தர் முதலில் நடந்தாள். பின்னாலேயே யாக்கோபு நடந்தான். அக்கரை போய்த் திரும்பி வந்தான், மறுபடியும் போனான். "இன்னா யாக்கோபு, எதையாவது வுட்டுட்டியா?" என்றேன். "இல்ல, சும்மாத்தான்" என்று சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து விடிந்து பார்த்தால் பாதி மரத்தைக் காணோம். மீதிப் பாதி ஒற்றையாகக் கிடந்து ஆடுகிறது. ஈரத்தில் பெரியவர்களே அதில் கால் வைக்கப் பயப்படுகிறார்கள். நான் தெருத்தெருவாகக் கத்திப் பார்த்தேன். ஆள் அகப்படவில்லை. பிறகு ஒருநாள், ஒரு காளைக்கு விலை சொல்ல உங்கள் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். தரகனைக் கூப்பிட்டால் கொட்டகைக்குள் வருவானே என்று யோசிக்க வேண்டாமா ஐயா? பல்லைப் பார்த்துவிட்டு நிமிர்கிறேன், தலைக்கு மேலே எங்கள் மரம் விட்டமாகக் கிடக்கிறது. சாமுவேல் ஆப்பு வைத்து அடித்த தழும்பு அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மரத்தைத் தொடக் கூடாது, திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு போகலாம் என்று எங்கே படித்தீர்கள்?

காளைக்கு விலை சொல்லாமலே, மாடு ஓட்டுகிற தார்க்கம்போடு வாய்க்காலுக்கு ஓடினேன். மழை பிடித்துவிட்டிருந்தது. சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு கரையிலும் கயிறு கட்டி, மார்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, பள்ளிக்கூடம் போகிற சின்னதுகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்காகவே வேலைக்குத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்குகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் எஸ்தர் கயிற்றைத் தவறவிட்டிருக்கிறாள். சாமுவேல் பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறான். புத்தகப் பை தண்ணீரோடு போய்விட்டது. யாக்கோபு, "இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா படிப்பு வாணாம்" என்று முடித்துவிட்டான்.

"ஆளைக் கண்டுபுடிச்சிட்டேன், வாங்கடா, கொட்டகையப் பிரிச்சிப் போடலாம்" என்று கத்தினேன். ஒருத்தரும் கயிற்றை விடவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. ஆளைச் சந்தியில் நிறுத்தியே தீர வேண்டும் என்றேன் நான். வாயே திறக்கக் கூடாது என்றார்கள் அவர்கள். கடைசியில் மரத்தைப் பற்றிப் பேசலாம், பெயரைப் பற்றிப் பேசக் கூடாது என்று முடிந்தது. வாழ்நாளில் நான் இவ்வளவு மட்டமாகத் தோற்ற பேரம் வேறு கிடையாது. தண்ணீரில் நடுங்கிக்கொண்டே ஜெயமணி சொன்னாள்:

"நம்ம போய்ப் புடுங்கினா மரம் மட்டுந்தான் மாமா வரும். அவரே கொண்ணாந்து போட்டா, அவரும் வருவாரு இல்ல?"

அதனால்தான் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். எஸ்தர் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஏரி தளும்ப நிற்கிறது. இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால் கலங்கல் வழியும். வழிந்துவிட்டால் அந்தக் கயிறும் உதவாது, அந்தப் பிள்ளைகளும் அதில் நிற்க முடியாது. அதற்கு முன்னால் அந்தப் பாதி மரத்தை இறக்கிக் கொண்டுவந்து, எடுத்த இடத்தில் போடுங்கள் ஐயா. ஞாயிற்றுக்கிழமை போட்டாலும் சரி, யாரும் குறுக்கே கேள்வி கேட்க மாட்டோம். தனியாகத் தூக்க முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், ஒரு வார்த்தை பேசாமல் மறுமுனையைத் தூக்குகிறேன், ஆனால் சீக்கிரம் கூப்பிடுங்கள், ஏனென்றால் நான் பேசாமல் இருப்பது எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று சபைக்கே தெரியும்.