சங்கரன்கோவிலில் மூன்று ஆம்பியர்

ஆயுதபூஜை முடிந்த வாரம், ஒரு கல்யாணத்துக்காக மதுரை வந்திருந்தேன். சாயங்காலம் பாப்பா அக்காவிடமிருந்து போன்.

"ஏட்டி, நீங்க வச்ச மோட்டாரு கெடந்து துடிக்கி, ஓட மாட்டேங்கு. நாளைக்கு மத்தியானம் தறிக்காரரு ஆள் அனுப்புதாரு. தார் இல்லன்னா இனிமே வேற ஆளுட்ட குடுத்துருவேங்காரு."

பாப்பா அக்கா சங்கரன்கோவிலில் வீட்டிலேயே தார் சுற்றுபவர். அதாவது, விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றிக் கொடுப்பார். மூன்று வருடம் முன்பு, கல்லூரி ப்ராஜெக்டாக அந்த மோட்டாரை வைத்துக் கொடுத்தது நானும் இரண்டு தோழிகளும்.

மறுநாள் காலை 7.10-க்கு மதுரையில் செங்கோட்டை ரயில். டிக்கெட் 35 ரூபாய். 9.25-க்கு இறங்கினேன். வீடு ஒன்றரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐம்பது.

வழியெல்லாம் பழைய நினைப்புதான். மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டத்தை அளவுக்கு மேல் இழுக்கும்; அந்த வேகத்தில் நூல் அறுந்துவிடும். அதைக் கட்டிவைப்பது, மோட்டாரோடு நாங்கள் பொருத்திய டிரைவர் போர்டு என்ற மின்னணு அட்டையின் வேலை. எவ்வளவில் கட்டுவது என்று தெரியாமல் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம், அக்கா நூலை விரலில் பிடித்துக்கொண்டு "இன்னும்... இன்னும்... போதும்ட்டி!" என்பார். மூன்று ஆம்பியர் என்று முடிவானது அப்படித்தான்.

வீட்டில் எனக்கு முன்பே தெருவின் எலெக்ட்ரீசியன் அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரோடு இருந்தார். "இந்த அட்டையக் கழட்டிட்டு நேரா கரண்ட் குடுத்துருவோம். அஞ்சு நிமிச வேல."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுட்டி. ஒனக்கு மைக்கா வைக்கணும்?" என்றார் அக்கா.

சத்தமாகச் சொன்னேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு விலகினார்.

போர்டில் கோளாறு காட்டும் சிவப்பு விளக்கைத் தேடினேன். அதன் மேல் கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சுரண்டினேன். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மூன்று ஆம்பியரில் கட்டவே முடியாதபடி எங்கோ ஷார்ட் ஆகிறது. போர்டு நொடிக்குள் மின்சாரத்தை வெட்டி, கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டுப் பார்க்கிறது. துடிப்பு அதுதான்.

மோட்டாருக்கு மாலை போட்டிருந்தார்கள். பூ அல்ல, மிச்சம் கிடந்த செம்பு ஜரிகை. அதில் ஓர் இழை மோட்டாரின் இரண்டு முனைகளையும் தொட்டுக்கொண்டிருந்தது.

"அழகா இருக்கட்டும்னு போட்டேன்" என்றார் அக்கா.

"நல்லவேள, நேரா குடுக்கல. பொகஞ்சிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

இழையை எடுத்தேன். மோட்டார் மெதுவாகக் கிளம்பி ஓடியது. மணி 10.20. அக்கா சுற்ற, நான் குழல் மாற்ற, பன்னிரண்டேகாலுக்கு வந்த தறிக்காரரின் ஆள் மூட்டையைக் கையால் எடைபார்த்தான். வண்டியிலிருந்து அடுத்த வாரத்துக்கான நூல்கட்டு ஒன்றை இறக்கிப்போட்டான். அக்கா அதை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார்.

சாப்பிடாமல் விடவில்லை. திரும்ப ராஜபாளையம் வரை பஸ், ஒரு மணி நேரம். அங்கிருந்து மதுரைக்கு இரண்டரை மணி. அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை ரயிலிலேயே போங்கள், வெயிலுக்கு முன் வேலை முடியும்.

ப்ராஜெக்ட் செய்து யார் வீட்டிலாவது வைத்துவிட்டு வந்தவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எப்படி ஓட்டுவது என்று அக்காவுக்கு அன்று சொல்லிக்கொடுத்தோம். நின்றால் எந்த விளக்கைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. மார்க் வாங்க அது தேவைப்படவில்லை.