ஸ்கேன் அறையில் இறங்கிய மாரியம்மன்

ஊசி போட்டு உட்கார வைத்த பேஷண்டுக்குச் சாமி வந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் டிரெயினிங் கொடுக்கவில்லை. வங்காளத்தில், சால்ட் லேக்கில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு ஆயா வேலை. தமிழ் பேஷண்ட் வந்தால் பேச்சுக்கும் நான்தான். புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, நீங்களாவது தயாராக இருங்கள்.

செண்பகம் பெஹாலாவிலிருந்து வந்தாள். புருஷன் துரைராஜ் துறைமுக ஆபீசில் ரிட்டயர் ஆனவர். செண்பகத்துக்கு அடிக்கடி மாரியம்மன் வந்தாள். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், குரல் மாறும். ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினால் சாமி மலையேறிவிடும். பக்கத்து வீட்டு வங்காளிகள்கூடக் குறி கேட்க வந்தார்களாம்.

ஒருநாள் பொங்கலுக்கும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கணையத்தில் எங்கோ ஒரு சின்னக் கட்டி இன்சுலினைக் கொட்டுகிறது, அதனால் சர்க்கரை இறங்குகிறது என்றார் டாக்டர். நியூரோஎண்டோக்ரைன் வகைக் கட்டி. மற்ற ஸ்கேன் எதிலும் அகப்படவில்லை. இடம் தெரியாமல் ஆபரேஷன் செய்ய முடியாது. விட்டுவைத்தால் ஒருநாள் எழுந்திருக்காமலே போய்விடுவாள். அதனால்தான் பெட் ஸ்கேன். நாங்கள் ஊசியில் போடும் கதிரியக்க மருந்து அந்த மாதிரிக் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் அந்த இடம் விளக்குப் போட்டதுபோலத் தெரியும்.

ஊசிக்கு முன்னால் செண்பகம் என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க்கா, கட்டிய எடுத்துட்டா ஆத்தா வரமாட்டாளா?"

"வராம இருக்கத்தானே வந்திருக்கே?"

"ஆத்தா பேசினாத்தான் எங்க வீட்டுல காது கேக்குது. நான் பேசினா டிவி சத்தத்தக் கூட்டுறாரு."

துரைராஜ் சுவரில் ஏதோ படிப்பதுபோல நின்றார். அந்தச் சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஊசி போட்டாயிற்று. மருந்து உடம்பில் பரவும்வரை தனியறையில் காத்திருக்க வேண்டும். அப்போது பேஷண்ட் உடம்பிலிருந்தே கதிர் வரும், கிட்டே போய் நிற்கக் கூடாது. இதை எனக்குத் தினமும் பாடம் எடுப்பவன் எங்கள் டெக்னீஷியன் ஷுபோ. அவனுக்கு நான் மாஷி, அதாவது சித்தி. "மாஷி, தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று அவன் தொண்டையே வற்றிவிடும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "அடேய்!" என்று ஒரு சத்தம். ஓடினோம். செண்பகம் நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ரூமா விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. அவள் குளுக்கோஸை எடுப்பதற்குள், தள்ளி நிற்கச் சொல்லும் ஷுபோ தடாலென்று செண்பகத்தின் காலில் விழுந்தான்.

"மா, எனக்கு ப்ரமோஷன் கிடைக்குமா?" என்று வங்காள மொழியில் கேட்டான்.

"என் கோயில் கூரை ஒழுகுது, உனக்கு என்னடா கேடு?" என்றது சாமி, தமிழில்.

"என்ன சொல்றாங்க மாஷி?"

"மாஷிகிட்ட மரியாதையா நடந்துக்கிட்டா கிடைக்குமாம்" என்றேன்.

செண்பகத்தின் கையில் ஏற்கெனவே குத்தியிருந்த ஊசி வழியாக ரூமா குளுக்கோஸை ஏற்றினாள். "துரைராசு, உன்னை நான்..." என்று வாசலைப் பார்த்து உறுமிய சாமி, "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்று முடித்தது. வாசலில் துரைராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இந்த ஸ்கேனுக்குப் பட்டினி வேணாம், நல்லா சாப்பிட்டு வான்னு சொன்னோமே?" என்றேன்.

"ஸ்கேன் நல்லபடியா முடியணும்னு ஆத்தாளுக்கு விரதம்க்கா."

"பட்டினி கிடந்து கூப்பிட்டா அவ வராம என்ன செய்வா?"

செண்பகத்தைப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் மண்ணீரலும் சிறுநீரகமும் வழக்கம்போல விளக்காக எரிந்தன, அது எல்லோருக்கும் எரிவதுதான். கணையத்தின் நடுவில் மட்டும் உளுந்து அளவுக்கு ஒரு புள்ளி. வேறெங்கும் இல்லை. எங்கள் சென்டர் டாக்டர் மேடம் அதைத் திரையில் தொட்டுக் காட்டியபோது துரைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததைச் செண்பகம் பார்த்தாள். பார்க்காததுபோல இருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து இரண்டு பேரும் சந்தேஷ் மிட்டாய் டப்பாவோடு வந்தார்கள்.

"ஆத்தா வர்றாளா?"

"இல்லக்கா. போன வாரம் நானே டிவிய நிறுத்திட்டு, சாதாரணமாத்தான், 'உக்காருங்க, பேசணும்'னேன். இவரு ஓடிப்போய் கற்பூரத்தோட வந்து உக்காந்தாரு."

"எதுக்கும் இருக்கட்டும்னுதாங்க" என்றார் துரைராஜ்.

பெண்களே, நான் கற்றது இவ்வளவுதான். பேஷண்டுக்குச் சாமி வந்தால் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள். குறி கேட்க ஆசையிருந்தால் சட்டென்று கேட்டுவிடுங்கள். குளுக்கோஸ் ஏறிவிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.